கோர்ட் வாசலுக்கு வருமுன்னே தோற்றுப்போகும் வழக்குகள்

சிவில் வழக்குகளில் சட்டம் பாதகமாக இருந்து தோற்றவர்களைவிட நாள் தவறவிட்டுத் தோற்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கடன், வாடகை, சம்பள பாக்கி, ஜீவனாம்சம் என எந்தத் தகராறாக இருந்தாலும் சரி, கட்சிக்காரர் வந்து உட்கார்ந்து பையில் இருப்பதை மேஜையில் கொட்டுவார். ரசீது, பழைய ஒப்பந்தம், யாரோ கையால் எழுதிக் கொடுத்த கணக்கு எல்லாம் இருக்கும், அடியில் சம்மன் கிடக்கும், உறைகூடப் பிரிக்காமல். பிரிக்கவே பயமாக இருந்தது என்பார். தேதியைப் பார்த்தால் பதிலுரை தாக்கல் செய்யும் கெடு முடிந்து, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே, அதாவது இவர் பக்கம் கேட்காமலே எதிர்த்தரப்புக்குச் சாதகமான தீர்ப்பே, ஆகியிருக்கும். அதை ரத்து செய்ய மனுப் போடலாம்தான், ஆனால் அதற்கு ஒரு செலவு, ஒரு அலைச்சல், அப்புறம் தாமதத்துக்கு நீதிபதி ஏற்கிற மாதிரி ஒரு காரணம்.

இது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். வேர்ல்ட் ஜஸ்டிஸ் பிராஜெக்ட் என்ற அமைப்பு 101 நாடுகளில் கேட்டறிந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஏதாவது ஒரு சட்டச் சிக்கலைச் சந்தித்தவர்கள் கிட்டத்தட்ட பாதிப் பேர். அவர்களில் அதைச் சட்டப் பிரச்சினை என்றே உணர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்கள் நேரம் சரியில்லை, குடும்ப விவகாரம் என்று விட்டுவிடுகிறார்கள். கோர்ட்டுக்குப் புதுக் கட்டடம் கட்டினால் இவர்களுக்கு என்ன பயன்?

உணர்ந்து வருகிறவர்களையும் கட்டணம் துரத்திவிடும். பிரிட்டனில் 2013-இல் தொழிலாளர் தீர்ப்பாயங்களில் 1,200 பவுண்ட் வரை கட்டணம் வைத்தார்கள், வழக்குகளின் எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்கு போலச் சரிந்தது. வீண் வழக்குகள் ஒழியும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஒழிந்தது எது என்று யோசித்தாலே போதும். யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணமே சட்டவிரோதம் என்றது.

வக்கீல் விஷயமும் அப்படித்தான். கணவரிடமிருந்து சட்டப்படி பிரிந்து வாழ வழக்குப் போட வசதியில்லாத அயர்லாந்துப் பெண் ஜொஹானா ஏரியிடம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாமே என்றது அந்நாட்டு அரசு. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1979-இல் அதை ஏற்கவில்லை. ஏட்டில் மட்டும் இருக்கிற உரிமை போதாது, நடைமுறையில் பயன்பட வேண்டும் என்றது. அதற்காக எல்லா சிவில் வழக்குக்கும் இலவச வக்கீல் என்று சொல்லிவிடவில்லை, அதையும் கவனிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் காசை முதல் வாரத்தில் செலவழிக்க வேண்டும், கடைசி வாய்தாவில் அல்ல. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் 2012-ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டம், பாரம்பரியத் தலைவர் ஒருவரின் கீழ் வரும் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு சட்ட உதவியாளராவது இருக்கச் சொல்கிறது. வக்கீல் பட்டம் இல்லாவிட்டாலும் கடிதத்தைப் படித்து இதற்கு இத்தனை நாள் கெடு என்று சொல்ல அவரால் முடியும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 5,000 டாலர் வரையான சிறு வழக்குகளை ஆன்லைனிலேயே பார்க்கும் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுப் போடும் முன்பே கேள்வி கேட்டுக் கேட்டு உங்கள் சிக்கல் எந்த வகை என்று சொல்லிவிடும், சாதாரணமாக வக்கீல் வேண்டியதில்லை (எங்கள் ஆட்களுக்கு இது பிடிக்காது, தெரியும்). இணையம் புழங்காதவர்களுக்குத் தாளிலும் தொலைபேசியிலும் வழி இருந்தால்தான் இதெல்லாம் பலிக்கும்.

அதுவரை, கோர்ட் முத்திரையோடு தபால் வந்தால் அன்றே பிரியுங்கள். கையில் கிடைத்த தேதியை உறைமேல் எழுதுங்கள், உறையைத் தூக்கிப் போடாதீர்கள். வக்கீல் வைக்கக் காசில்லை என்றாலும் பக்கத்தில் இருக்கும் சட்ட உதவி மையத்தில் கெடு தேதி என்ன என்று மட்டுமாவது அந்த வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள்.