நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர்

2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்தது. குமரி மாவட்டத்தில் எத்தனை ரப்பர் சாய்ந்தது, எத்தனை வாழை போனது என்ற கணக்கெல்லாம் பேப்பரில் வந்தது. எங்கள் வீட்டில் ஓடியது வேறு கணக்கு. சிறுநீரகம் செய்ய வேண்டிய ரத்தச் சுத்திகரிப்பை மெஷின் செய்யும் டயாலிசிஸ், மாமாவுக்கு வாரம் மூன்று முறை. ரோட்டில் கிடந்த மரங்களை வெட்டி ஒதுக்கியவர்கள் பின்னாலேயே ஊர்ந்து, மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். "ஜெனரேட்டர் ஓடுது சார், வெள்ளம்தான் இல்ல" என்றார் டெக்னீஷியன். எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். வெளியே ரோடெல்லாம் வெள்ளம், உள்ளே டாங்கில் இல்லை. போர்வெல் மோட்டாருக்கு ஜெனரேட்டர் லைன் கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். நாலு மணி நேரம் ஓட வேண்டியதை இரண்டரை மணி நேரத்தில் நிறுத்தி அனுப்பினார்கள்.

டயாலிசிஸுக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு? மெஷினில் மாட்டியிருக்கும் குழாய்க்குள் முடி போல மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இழைக்குள்ளே ரத்தம் ஓடும். வெளியே, உப்புகள் அளவாகக் கலந்த திரவம் நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் வீதம் எதிர்த்திசையில் ஓடும். ரத்தத்திலுள்ள கழிவு, செறிவு குறைந்த அந்தத் திரவத்துக்குத் தானாக நகரும். நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அத்தனையும் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது நுண்ணிய சவ்வு வழியே அழுத்திச் சுத்தம் செய்தது; ஆர்.ஓ. கழித்து ஊற்றுவதையும் சேர்த்தால் டாங்கிலிருந்து போவது இன்னும் அதிகம். குழாய்த் தண்ணீரை அப்படியே விட முடியாது. நாம் குடிக்கும் தண்ணீருக்குக் குடல் என்று ஒரு காவல் இருக்கிறது. இங்கே ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சவ்வு மட்டும்தான். கிருமி கொல்லக் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரமின் கொஞ்சம் தங்கிவிட்டாலும் சிவப்பணுக்கள் உடையும்.

நேரம் குறைந்தால் முதலில் பயப்பட வேண்டியது பொட்டாசியத்துக்கு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய அந்த உப்பு ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், நின்றும் போகும். சாய்ந்த தென்னையிலிருந்து இளநீர் சும்மா கிடைத்த வாரம் அது. மாமா கைக்கு ஒன்றுகூடப் போகாமல் மாமி காவல் இருந்தார். இளநீரில் பொட்டாசியம் ஏராளம்.

சரி, புயல் ஒரு நாளில் கடந்துபோனது. டீசல் வந்தது, லைன்மேன்கள் வந்தார்கள். போரில் யாரும் வர முடியாது. காசாவில் 2023 அக்டோபருக்குப் பிறகு டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நேரத்தையும் குறைத்தார்கள், வாரத்துக்கு எத்தனை முறை என்பதையும் குறைத்தார்கள். ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு வேண்டிய அதே எரிபொருள்தான் கடல்நீரைக் குடிநீராக்கவும், சாக்கடையை இறைக்கவும், ஆம்புலன்ஸ் ஓடவும் வேண்டும். அது நின்றால் கட்டடத்தில் ஒரு குண்டுகூட விழாமலே ஆஸ்பத்திரி படுத்துவிடும். குண்டும் விழுந்தது என்பது வேறு கதை.

போரில் எரிபொருளுக்கு அடுத்து அறுந்துபோவது குளிர். தானம் கொடுத்த ரத்தத்தை 2 முதல் 6 டிகிரிக்குள் வைத்தால் ஐந்தாறு வாரம் தாங்கும். ஃபிரிட்ஜ் நின்றால் ரத்த வங்கி என்பது பெயருக்குத்தான். 2009-ல், இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், வன்னியில் ஆஸ்பத்திரியே நடந்துகொண்டிருந்தது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை ஷெல்லடிக்கு உள்ளானதும், புதுமாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் கட்டில் போட்டார்கள்; அதன்பிறகு முள்ளிவாய்க்கால். காயம்பட்டவரிடமிருந்து வடியும் ரத்தத்தைப் பிடித்து, துணியில் வடிகட்டி, அவருக்கே திரும்ப ஏற்றியதாக 2011-ல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை சொல்கிறது. மருத்துவ ரீதியாக அது அறியாமை இல்லை. சொந்த ரத்தத்தையே திரும்ப ஏற்றும் முறை நம் ஊர் ஆபரேஷன் தியேட்டரிலும் உண்டு. அங்கே அதற்கு மெஷினும் ஃபில்டரும் இருக்கும். வன்னியில் துணி. பிப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சங்கம் 13,000-க்கும் மேற்பட்டோரைக் கப்பலில் வெளியே கொண்டுபோனது. நோயாளிகளும் உடன் வந்தவர்களுமாகச் சேர்த்து அந்தக் கணக்கு.

மூன்றாவதாக அறுந்துபோவது யாரும் யோசிக்காத ஒன்று: சம்பளம். குமரி மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருப்பார். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஏமனில் இருந்தவர். அங்கே போர் நடந்ததால் 2015 ஏப்ரலில் இந்திய அரசு ஆட்களை மீட்டுக் கொண்டுவந்தபோது ஒரு பையோடு வந்து இறங்கினார். அவரைப் போல வெளிநாட்டு நர்ஸ்கள் பலர் கிளம்பினார்கள். 2016-ன் பிற்பகுதியில் அங்கே உள்ளூர் அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்கும் சம்பளம் நின்றது. குப்பை அள்ளுபவருக்கும், சாக்கடை மோட்டார் போடுபவருக்கும் நின்றது. 2017-ல், நாங்கள் ஒக்கியில் தவித்த அதே வருடம், அங்கே சாக்கடை கலந்த தண்ணீரால் பரவும் காலராவுக்கு பத்து லட்சத்துக்கு மேல் சந்தேக நோயாளிகள்.

காலராவுக்கு மருந்து என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். உப்பு, சர்க்கரை, சுத்தமான தண்ணீர். முற்றியவர்களுக்கு டிரிப். ஒழுங்காகக் கொடுத்தால் நூறில் ஒருவர்கூடச் சாக மாட்டார்; கொடுக்காவிட்டால் முற்றியவர்களில் பாதிப் பேர் வரை போய்விடலாம். ஆனால் நோய் முற்றிய உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கும். அப்படியானால் ராத்திரி முழுக்க யாராவது பாட்டில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் அக்காவுக்கு அப்போது வாட்ஸ்அப்பில் பேசியிருக்கிறார்கள். சம்பளம் இல்லாமலே டூட்டிக்கு வந்துகொண்டிருந்தார்களாம், பஸ்ஸுக்குக் காசு இருந்த வரைக்கும்.