ஜேட் டப்பாவ தயவுசெஞ்சு தண்ணில போடாதீங்க

போன மாசம் ஒரு அம்மா சின்ன ஜேட் டப்பா (ஜேட்ங்கறது பச்சை, வெள்ளைல வர்ற ஒரு கெட்டியான கல்லு) ஒண்ணு கொண்டுவந்தாங்க, மாமனார் ஹைதராபாத்ல வாங்கினதாம், மூடில சிவப்புக்கல் பதிச்ச பூ, சுத்தி தங்கக்கொடி. அழுக்கா இருக்கேன்னு ராத்திரி பூரா சோப்புத்தண்ணில ஊறவச்சிருக்காங்க, காலைல பாத்தா கல்லெல்லாம் கருத்துப்போச்சு. பாத்ததும் எனக்கு மனசே ஆறல. உண்மைல கருத்தது கல்லு இல்லங்க, கல்லுக்கு அடில இருக்கற வெள்ளித்தகடு.

முகலாயர் காலத்துலருந்து வர்ற குந்தன் வேலை இது, அதாவது சுத்தத்தங்கத்த அழுத்தி கல்லு பதிக்கறது. அந்தக் காலத்துல ஜேட் கல்லு மத்திய ஆசியால இருக்கற கோத்தான்ங்கற ஊர்ப் பக்கத்துலருந்து வந்துச்சு. ஜேட்ட உளி வச்சு செதுக்க முடியாது, உள்ள நாருநாரா பின்னிக்கிடக்கும், அதனால குருந்தம்ங்கற ரொம்பக் கெட்டியான கனிமத்தோட பொடியைத் தண்ணில குழைச்சு, வில்லு கட்டி இழுக்கற சக்கரத்துல கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சுதான் குழி எடுப்பாங்க. குருந்தம்ங்கறது நம்ம தமிழ் வார்த்தை, இங்கிலீஷ்ல கொரண்டம்னு சொல்றதே இதுலருந்து போனதுதான். மாணிக்கமும் அதே கனிமம்தான், குழி எடுத்த பொடியும் குழில உக்கார்ற கல்லும் ஒரே ஜாதி, இத நினைச்சா இன்னைக்கும் எனக்குப் புல்லரிக்கும்.

குழில தகடு வச்சு அதுமேல கல்ல வச்சு, சுத்தி சுத்தத்தங்க ரிப்பனை கருவியால அழுத்தி அழுத்தி ஏத்துவாங்க. 24 கேரட் தங்கம் நெருப்பே இல்லாம தன்னோட தானே ஒட்டிக்கும், பத்தவைப்பு கிடையாது, அதனாலதான் ஜேட்டுக்கு சூடே படாம வேலை முடியுது. ஆனா வெறும் அழுத்தத்துல நிக்கறது இது, நுணுக்கமான இடுக்கு வழியா தண்ணி உள்ள போனா தகடு போச்சு.

அதனால காஞ்ச மெத்து பிரஷ் மட்டும் போதும். நகை சுத்தம் பண்ற அல்ட்ராசோனிக், ஸ்டீம் மெஷின் ரெண்டும் கிட்டயே வேணாம், நகைக்கடைல "ரெண்டு நிமிஷம் சார்"னு கேட்டாலும் குடுக்காதீங்க. கருத்த கல்ல குந்தன் தெரிஞ்சவர் கழட்டி புதுத்தகடு வச்சுத் தரலாம், ஆனா பழைய கை வேலை போயிடும், அந்த அம்மாகிட்டயும் அதத்தான் சொன்னேன், அவங்க யோசிச்சு சொல்றேன்னாங்க.

வாங்கறப்பவும் கவனம். சர்பென்டைன்ங்கற மெத்துக்கல்ல ஜேட்னு விக்கறாங்க, கத்தி பட்டாலே கோடு விழும். கடைலயே கீறிப் பாக்காதீங்க, லேப் ரிப்போர்ட் கேளுங்க. நிஜ வேலை எப்படி இருக்கும்னு கண்ணு பழகணும்னா ஹைதராபாத் சாலார்ஜங் மியூசியத்துல ஜேட் ரூம்ல ஒரு மணி நேரம் நில்லுங்க, முகலாய பாதுஷா ஜஹாங்கீரோட கத்தி, அவர் மனைவி நூர்ஜஹானோட பழக்கத்தி ரெண்டும் அங்கதான் இருக்கு.