டேவிட் ஈவன்ஸின் அப்பா ஈவன்ஸ் இல்லை

1880 ஜூன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்க்ரான்டன் என்ற நிலக்கரி நகரம். ஒரு வீட்டு வாசலில் நின்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் எழுதிக்கொள்கிறார்: டேவிட் ஈவன்ஸ், வயது 40, சுரங்கத் தொழிலாளி, பிறந்தது வேல்ஸ். மனைவி மேரி, 38, வேல்ஸ். மகன் கோமர், 14, வேல்ஸ். மகள் ஆன், 11, பென்சில்வேனியா. மகன் ஜான், 8, பென்சில்வேனியா.

இந்தக் குடும்பம் விளக்கத்துக்காக நான் உருவாக்கியது. ஆனால் அந்தக் காலத்து ஸ்க்ரான்டனில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இதேபோன்ற ஒரு வீடு இருந்திருக்கும். வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளிலிருந்து அத்தனை பேர் அங்கே வந்து இறங்கியிருந்தார்கள். இன்று டேவிட்டின் எள்ளுப்பேத்தி ஒருத்தி, ‘எங்கள் முன்னோர் வேல்ஸில் எந்த ஊர்?’ என்று தேடத் தொடங்குகிறாள். கையில் இருப்பது ஐந்து வரிகள்.

எல்லோரும் செய்வதைத்தான் அவளும் முதலில் செய்வாள். கப்பல் பயணிகள் பட்டியலில் ‘டேவிட் ஈவன்ஸ்’ என்று தேடுவாள். அமெரிக்கத் துறைமுகங்களில் 1820 முதல் இந்தப் பட்டியல்கள் இருக்கின்றன. ஆனால் 1890களுக்கு முந்தைய தாள்களில் பெயர், வயது, தொழில், நாடு என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் இராது. நாடு என்ற இடத்தில் பல தடவை இங்கிலாந்து என்றே எழுதிவிடுவார்கள். பத்து டேவிட் ஈவன்ஸ்கள் கிடைப்பார்கள். பத்துப் பேரும் சுரங்கத் தொழிலாளிகள். என்னைக் கேட்டால், கப்பல் பட்டியல் கடைசியில் பார்க்க வேண்டியது. ஆளைக் கண்டுபிடித்த பிறகு அவர் வந்த கப்பலைப் பார்த்து மகிழலாம். கப்பலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது கடினம்.

சிக்கல் எங்கே என்றால், வேல்ஸ்காரர்களின் பெயர்களில். மற்றவர்களுக்கு இதை விளக்க அரை மணி நேரம் ஆகும். தமிழருக்கு ஒரு நிமிடம் போதும். கந்தசாமியின் மகன் க. முருகேசன், முருகேசனின் மகன் மு. செந்தில். வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டால் ஒருவர் கந்தசாமி என்று எழுதுவார், இன்னொருவர் முருகேசன் என்று எழுதுவார். இரண்டு தலைமுறை, இரண்டு குடும்பப் பெயர். வேல்ஸிலும் பல நூற்றாண்டுகள் இதே வழக்கம்தான். ‘அப்’ என்றால் மகன். ரீஸின் மகன் அப் ரீஸ்; அது வாய்மொழியில் உருண்டு உருண்டு ப்ரைஸ் ஆனது. அப் ஹவெல் என்பது பவல் ஆனது, அப் ஓவன் போவன் ஆனது. வேறு பலர் அப்பா பெயரின் கடைசியில் ஆங்கில ‘ஸ்’ ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜானின் மகன் ஜோன்ஸ், ஈவனின் மகன் ஈவன்ஸ், டேவிட்டின் மகன் டேவிஸ்.

பணக்காரக் குடும்பங்கள் பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலேயர் பாணியில் நிலையான குடும்பப் பெயருக்கு மாறத் தொடங்கின. கிராமத்து விவசாயிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைகூட மாறவில்லை. மாறியபோது, அந்தக் கணத்தில் அப்பாவுக்கு என்ன பெயரோ அதுவே வம்சத்துக்கு ஒட்டிக்கொண்டது. அந்தக் கால அப்பாக்களுக்கு இருந்ததோ கைவிரல் விட்டு எண்ணும் அளவு பெயர்கள்: ஜான், டேவிட், வில்லியம், தாமஸ், ஈவன். அதனால்தான் ஒரே ஊரில் பாதிப் பேர் ஜோன்ஸ், மீதிப் பேர் டேவிஸ். 2006இல் கார்டிஃப் நகரில் ஜோன்ஸ் என்ற பெயர்கொண்டவர்களை மட்டும் ஓர் அரங்கத்தில் கூட்டினார்கள்; ஆயிரத்துக்கு மேல் வந்தார்கள். இத்தனைக்கும் பழைய வேல்ஷ் நெடுங்கணக்கில் ‘ஜ’ ஒலிக்கு எழுத்தே கிடையாது. இன்னொரு வேடிக்கை: ஈவனும் ஜானும் மூலத்தில் ஒரே பெயர்தான்.

சரி, பெயர் உதவாது. அப்புறம் எதைப் பிடிப்பது?

அந்த ஐந்து வரிகளை மறுபடி பாருங்கள். கோமர் 14 வயது, பிறந்தது வேல்ஸ். ஆன் 11 வயது, பிறந்தது பென்சில்வேனியா. அப்படியானால் குடும்பம் கடல் கடந்தது சுமாராக 1866க்கும் 1869க்கும் நடுவே. (அப்பா முதலில் தனியாக வந்து, வேலை அமைந்ததும் குடும்பத்தை வரவழைப்பதும் சகஜம்; அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.) எந்த ஆவணமும் நேரடியாகச் சொல்லாத ஒரு தகவலை இரண்டு குழந்தைகளின் வயது சொல்லிவிட்டது. 1900 கணக்கெடுப்பில் குடியேறிய ஆண்டையே கேட்டிருக்கிறார்கள். டேவிட் அதுவரை உயிரோடிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நடுவில் உள்ள 1890 கணக்கெடுப்பை நம்ப முடியாது. 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தோடு அதில் பெரும்பகுதி போய்விட்டது.

அடுத்தது கோமர். டேவிட் ஆயிரம் பேர் இருக்கலாம். கோமர் என்ற பெயர் பைபிளில் உள்ளது, வேல்ஸ்காரர்கள் வைப்பதுதான், ஆனால் அரிது. குடும்பத்திலேயே விசித்திரமான பெயர் யாருக்கு இருக்கிறதோ அவரைத் தேடுவதுதான் இந்தக் கலையின் முதல் தந்திரம்.

இதற்குப் பின்னால் முறையான கணிதம் இருக்கிறது. 1950களில் கனடாவில் ஹோவர்ட் நியூகோம் என்ற மரபியலாளர், பிறப்புப் பதிவுகளையும் திருமணப் பதிவுகளையும் கணினி மூலம் இணைக்க முயன்றார். இரண்டு பதிவுகளில் ஒரு பெயர் பொருந்தினால் அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது அவருடைய கேள்வி. பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு எடை என்பது பதில். 1969இல் இவான் ஃபெல்லிகி, ஆலன் சன்டர் இருவரும் இதை முழுமையான கோட்பாடாக எழுதினார்கள். மக்கள்தொகை ஆய்வுகளில் இரண்டு பட்டியல்களை இணைக்கும்போது இன்றும் அதுவே அடித்தளம்.

நம் குடும்பத்துக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக, ஒரு சுரங்க மாவட்டத்தில் மணமான டேவிட் ஈவன்ஸ்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறில் ஒரு மனைவியின் பெயர் மேரி என்றால் மிஞ்சுவது 16 அல்லது 17 பேர். இருநூறு வீட்டில் ஒன்றில்தான் கோமர் என்ற பையன் என்றால், தற்செயலாக மூன்றும் பொருந்தும் இரண்டாவது குடும்பம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சுரங்கத் தொழிலாளி என்ற தகவலுக்கு அங்கே மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். ஊரே அந்த வேலைதான் செய்தது. அவர் தையற்காரராக இருந்திருந்தால் கதை வேறு.

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. பிறப்புகளின் பழைய அச்சு அட்டவணையில் 1911 வரை தாயின் பிறந்த வீட்டுப் பெயர் கிடையாது. பதிவுத் தலைமையகம் பிறகு இணையத்தில் வெளியிட்ட புது அட்டவணையில் 1837 முதலே அது இருக்கிறது. வேல்ஸ் ஆராய்ச்சியில் இந்த ஒரு மாற்றம் எத்தனை முடிச்சுகளை அவிழ்த்தது என்பது இதில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். 1865 முதல் 1867 வரை, கோமர் ஈவன்ஸ் என்று தேடினால் நாலைந்து பேர் வருவார்கள். அவர்களில் ஒருவன் மெர்தர் டிட்வில் பதிவு மாவட்டம். அபெர்டேர் சுரங்க ஊர் அதற்குள்தான் வருகிறது.

இவன்தான் என்று உடனே கொண்டாடக் கூடாது. மற்ற கோமர்களை ஒவ்வொருவராகக் கழிக்க வேண்டும். ஒருவன் இரண்டு வயதில் இறந்திருப்பான். இன்னொருவன் 1871 கணக்கெடுப்பில் அப்பா அம்மாவோடு வேல்ஸிலேயே இருப்பான். நம்முடையவர்களுக்கோ 1869க்குள் பென்சில்வேனியாவில் மகள் பிறந்துவிட்டாள். ஆளை உறுதிசெய்வதில் பாதி வேலை, மற்றவர்கள் அவரில்லை என்று காட்டுவதுதான். இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களில் பல இந்த இடத்தில்தான் பொய்த்துப்போகின்றன. பொருந்துகிற முதல் ஆளைப் பிடித்து ஒட்டிவிடுகிறார்கள்.

பிறப்புச் சான்றிதழ் வந்தால் அதில் மேரியின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். அதை வைத்துத் திருமணச் சான்றிதழ். இந்தத் தாளைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். வயதுக் கட்டத்தில் ‘முழு வயது’ என்று மட்டும் எழுதியிருக்கும், அதாவது 21 தாண்டியவர். மேரி கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ‘மேரியின் அடையாளம்’ என்று பதிவாளரின் கையெழுத்து. வலது ஓரத்தில் இருவரின் அப்பாக்கள். டேவிட் ஈவன்ஸின் அப்பா பெயர்: ஈவன் தாமஸ், விவசாயி.

ஈவன் ஈவன்ஸ் இல்லை. ஈவன் தாமஸ்.

பதிவாளர் தவறாக எழுதிவிட்டார் என்று நினைத்து இந்த இடத்தில் திரும்பிப் போனவர்கள் உண்டு. தவறு எதுவும் இல்லை. ஈவனின் மகன் ஈவன்ஸ்; வேல்ஸின் கார்டிகன்ஷயர் போன்ற கிராமப்புற மாவட்டத்தில் 1840இல் பிறந்த பையனுக்கு இது இயல்பான பெயர்தான். 1861 கணக்கெடுப்பில் இருபத்தொரு வயது டேவிட் ஈவன்ஸ் அபெர்டேரில் வாடகைக்குத் தங்கியிருக்கிறான். பிறந்த ஊர் கட்டத்தில் கார்டிகன்ஷயர், லண்டிசில். ஊர் கிடைத்துவிட்டது. அதே ஊரில் 1851 கணக்கெடுப்பில் ஈவன் தாமஸின் வீட்டைப் பார்த்தால், பிள்ளைகள் வரிசையில் கணக்கெடுப்பாளர் ‘மேற்படி, மேற்படி’ என்று போட்டுக்கொண்டே போயிருப்பார். அதனால் பதினொரு வயதில் அவன் டேவிட் தாமஸ். இரண்டு தாள், இரண்டு குடும்பப் பெயர், ஒரே பையன்.

ஊர் என்று சொன்னாலும் லண்டிசில் ஒரு பெரிய பங்கு, அதாவது ஒரு திருச்சபைக்கு உட்பட்ட வட்டாரம். அங்கே எந்தப் பண்ணை என்பதற்கு வழிபாட்டுக்கூடம் உதவும். 1851இல் எடுத்த மதக் கணக்கெடுப்பில், வேல்ஸில் வழிபாட்டுக்கு வந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் அரசுத் திருச்சபைக்கு வெளியே இருந்த சிறு சபைகளுக்குத்தான் போனார்கள். எந்தச் சபை என்று தெரிந்தால் தேடும் பரப்பு சட்டென்று சுருங்கும். கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட்டின் தாய் அன்னா, 1844இல் லண்டிசில் பகுதியிலிருந்து விஸ்கான்சின் போன லாய்ட் ஜோன்ஸ் குடும்பத்துப் பெண். ஜோன்ஸ்கள் எங்கும் உண்டு. ஆனால் அவர்கள் யூனிடேரியன் சபையினர்; திரித்துவத்தை ஏற்காமல் கடவுள் ஒருவரே என்று நம்பும் கிறிஸ்தவப் பிரிவு அது. வேல்ஸ் முழுவதும் அரிதான அந்தச் சபை, டைவி ஆற்றுப் பக்கம் ஒரு சின்ன வட்டாரத்தில் மட்டும் அடர்த்தியாக இருந்தது. மற்ற சபையினர் அந்த வட்டாரத்தைக் ‘கரும்புள்ளி’ என்றே திட்டினார்கள். திட்டிய சொல் இன்று வரைபடமாகப் பயன்படுகிறது.

இத்தனையையும் ஒரு மரபணுச் சோதனை தாண்டிப் போய்விடாதா என்று கேட்கலாம். பாதிதான் போகும். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம், குடும்பப் பெயரைப் போலவே ஆண் வழியில் நகர்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டுரி கிங், மார்க் ஜோப்லிங் இருவரும் பிரிட்டனின் 40 குடும்பப் பெயர்களை எடுத்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அரிதான பெயர்காரர்களிடம் ஒய் குரோமோசோம் நன்றாக ஒத்துப்போனது. ஸ்மித் போன்ற பரவலான பெயர்களில் அந்தத் தொடர்பு காணாமல் போனது. ஒரே பெயரை நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தனித்தனியாகச் சூட்டிக்கொண்டால் அப்படித்தான் ஆகும். வேல்ஸில் இது இன்னும் மோசம்: ஈவன்ஸின் ஒய் குரோமோசோம் அவருக்கு ஒத்துவரும் தூரத்து உறவினரை ஒரு தாமஸிடமோ ஒரு ரீஸிடமோ கொண்டுபோய் விடலாம்.

மற்ற குரோமோசோம்களை ஒப்பிடும் சாதாரணச் சோதனை உறவை உறுதிசெய்ய உதவும், ஊரைச் சொல்லாது. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளிடையே சராசரியாக 12.5 சதவீதம் பொதுவாக இருக்கும். எள்ளுத்தாத்தா ஒருவராக இருக்கும் மூன்றாம் தலைமுறை உறவினரிடையே அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அவர்களில் பத்தில் ஒருவருக்குக் கண்டறியும் அளவில் எதுவுமே ஒத்துப்போகாது.

ஆவணங்களும் சும்மா இருப்பதில்லை, மனிதர்கள் எழுதியவைதானே. ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிக் கண்டுபிடித்த ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி தன்னை அமெரிக்கர் என்றே பல காலம் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் 1841இல் வேல்ஸின் டென்பி ஊரில் பிறந்த ஜான் ரோலண்ட்ஸ். ஏழைகள் விடுதியில் வளர்ந்தவர். ஞானஸ்நானப் பதிவில் முறைகேடாகப் பிறந்த குழந்தை என்றே எழுதிவைத்திருந்தார்கள். பெயரையும் நாட்டையும் ஏன் மாற்றிக்கொண்டார் என்று அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் புரிகிறது.

நம் டேவிட் அப்படி எதையும் மறைக்கவில்லை. அமெரிக்காவிலேயே வேல்ஷ் மொழியில் 1851 முதல் ‘அ ட்ரீக்’ என்ற பத்திரிகை வந்துகொண்டிருந்தது. ‘கண்ணாடி’ என்று பொருள். அதன் இரங்கல் குறிப்புகள் இறந்தவரின் சொந்த ஊரோடு பண்ணையின் பெயரையும் சொல்வதுண்டு. பென்சில்வேனியாவின் வேல்ஷ் கல்லறைக் கற்களில் ‘அன் எனெதிகோல் ஓ’ என்ற சொற்களைப் பார்த்தால் அப்படியே நின்றுவிட வேண்டும். ‘இன்ன ஊரில் பிறந்தவர்’ என்று அர்த்தம். அடுத்து வரும் சொல்தான் இத்தனை நாள் தேடியது. டேவிட்டுக்கு அது லண்டிசில், பென்ரால்ட் பண்ணை என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். பென்ரால்ட் என்றால் சரிவின் உச்சி. அந்த மாவட்டத்தில் அந்தப் பெயரில் பண்ணைகள் பல. அதற்கும் வழி உண்டு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்துக்காக, 1836 சட்டத்துக்குப் பிறகு வரைந்த வரைபடங்கள் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன; ஒவ்வொரு வயலுக்கும் உரிமையாளர், பயிர் செய்பவர் பெயர் உண்டு. பென்ரால்ட், பயிர் செய்பவர் ஈவன் தாமஸ்.

1841 கணக்கெடுப்பிலும் அவர் அங்கேதான். வயது 30 என்று எழுதியிருக்கிறது. அந்த ஆண்டு பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், ஆகவே 30 முதல் 34க்குள் எதுவும் இருக்கலாம். பங்குத் திருச்சபைப் பதிவேட்டில் 1806 முதல் 1811 வரை புரட்டினால் ஒரு வரி: ஈவன், தாமஸ் ரீஸின் மகன். இனிமேல் தேட வேண்டிய பெயர் ரீஸ்.