முதல் டரண்டுலாவை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்

மாடு, ஆடு, நாய், கோழி என்று நாள் போகிற வேலை என்னுடையது. இலங்கையின் வன்னியில் மிருக வைத்தியராக இருக்கும் ஒருவரிடம் சிலந்தியைப் பற்றி முன்பெல்லாம் யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். டரண்டுலா என்ற, உடம்பெல்லாம் முடியுள்ள பெரிய சிலந்தியை உள்ளங்கை நிறைய வைத்துக் காட்டும் காணொளிகள் எங்கள் பிள்ளைகளின் போனுக்கும் வந்துவிட்டன. "சேர், இதில எது வடிவானது, எது கடிக்காது?" என்று படத்தோடு கேள்வி வருகிறது. கேட்பவர்களில் சிலர் ஒட்டுசுட்டானிலும் புளியங்குளத்திலும் இருக்கிறார்கள். மற்றவர்கள் இங்கிருந்து போய் ரொறன்ரோவிலும் பாரிசிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். இந்த இரண்டு பகுதியினருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

முதலில் இங்கே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் காணி எல்லையில் நிற்கும் பழைய பாலை மரத்தின் பொந்தில் இருக்கிற புலிமுகச் சிலந்தியும் டரண்டுலாதான். முதுகில் சாம்பலும் கறுப்புமாகக் கோலம் போட்ட மாதிரி இருக்கும். சீண்டினால் முன்னங்கால்களைத் தூக்கும், அப்போது காலின் அடிப்பக்கத்து மஞ்சள் தெரியும். பார்க்க உண்மையிலேயே அழகு. அந்த அழகைப் பார்த்துவிட்டு அதைப் பிடித்துப் பால்மா டின்னில் போட்டுக்கொண்டு வந்த பையன்களையும் கண்டிருக்கிறேன், மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப் போன தகப்பன்மாரையும் கண்டிருக்கிறேன். இரண்டுமே கூடாது.

பொயெசிலோதீரியா என்ற சாதியைச் சேர்ந்த சிலந்திகள் இவை. இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. வளர்ப்புச் சிலந்தி பற்றித் தெரிந்த எவரும் முதல் தடவை வளர்ப்பவருக்கு இதைக் கொடுக்க மாட்டார்கள். காரணம் வேகமும் விஷமும். மரத்தில் வாழ்கிற சிலந்தி, மூடியைத் திறந்த நொடியில் உங்கள் முழங்கையில் நிற்கும். வட, தென் அமெரிக்க டரண்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றில் அரிப்பு முடிகள் உண்டு, ஆபத்து என்று கண்டால் அவற்றை உதறிவிட்டு விலகிப் போகும். எங்கள் சிலந்திகளுக்கு அந்த முடிகள் இல்லை. ஓட முடியாவிட்டால் கடிப்பதுதான் அவற்றுக்கு இருக்கிற வழி. கடித்தால் உடனே வலியும் வீக்கமும் வரும். அதைவிடச் சிரமமானது சில மணி நேரம் கழித்து வரக்கூடிய தசைப்பிடிப்பு. கால், நெஞ்சு, வயிறு என்று கடிபடாத இடங்களிலும் தசை இறுகிப் பிடிக்கும். போய்விட்டது என்று நினைத்தபின் சில நாட்கள் கழித்துத் திரும்பவும் வரலாம். இந்தக் கடியால் இறந்ததாக உறுதிப்பட்ட மருத்துவப் பதிவு இல்லை. ஆனாலும் அந்த நாட்களை ஒரு பிள்ளை அனுபவிக்க வேண்டிய தேவையும் இல்லை.

வன்னிக்கு இதில் தனி உரிமை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் ஒக்டோபரில், மாங்குளத்தில் ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்ற ஒரு ஆண் சிலந்தி, ஆய்வாளர்களின் கைக்குப் போனது. அவர்கள் தேடி வந்து, பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் பெண்ணையும் குஞ்சுகளையும் கண்டார்கள். 2012 இல் அதைப் புதிய இனமாக விவரித்து, காடு காட்டித் துணை நின்ற பொலிஸ் பரிசோதகர் ஒருவரைக் கௌரவித்து பொயெசிலோதீரியா ராஜேய் என்று பெயர் வைத்தார்கள். கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரும். மன்னாரில் இருக்கும் இன்னொரு இனம் முதலில் 2004 இல் இராமேஸ்வரத்திலிருந்து விவரிக்கப்பட்டது. கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே சிலந்தி.

பழைய மரங்களில் பொந்து இருந்தால் இவை வீட்டுப் பக்கம் வர வேண்டியதில்லை. பாலையும் முதிரையும் வெட்டுப்பட்டுப் போகப் போகத்தான் பாழடைந்த கட்டடங்களையும் ஓட்டுக் கூரைகளையும் தேடுகின்றன. வீட்டுக்குள் திடீரென்று ஒன்று வந்தால் அது பெரும்பாலும் பெண் தேடி அலையும் வளர்ந்த ஆண்தான். அதற்கு இனி மிஞ்சியிருப்பது சில மாத ஆயுள். வாயகன்ற போத்தலால் மூடி, அடியில் மட்டையைச் செருகி, இருட்டியபின் வேலிக்கு அப்பால் ஒரு பெரிய மரத்தில் விட்டுவிடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள்.

சரி, வெளிநாட்டிலிருந்து ஒன்றை இங்கே கொண்டுவந்து வளர்க்கலாமா? அனுமதிப் பத்திரம் இல்லாமல் இறக்குமதி செய்வது குற்றம். இங்குள்ளதை வியாபாரத்துக்குப் பிடிப்பதும் வெளியே அனுப்புவதும் குற்றம். காட்டுயிர்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 2019 இல் பொயெசிலோதீரியா சாதி முழுவதையும் தன் இரண்டாம் இணைப்பில் சேர்த்தது. அந்த முன்மொழிவை வைத்த நாடுகளில் எங்கள் நாடும் ஒன்று. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: இலங்கையின் ஐந்து இனங்களை அந்த நாடு 2018 இல் அழியும் நிலையில் உள்ளவையாகப் பட்டியலிட்டுவிட்டது. "ஊர்ச் சிலந்தி ஒண்டு அனுப்பிவிடுங்கோ" என்று கேட்கும் உறவினருக்கு இல்லை என்று சொல்லுங்கள்.

இனி வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவின் மகன் போன மாதம் கடையிலிருந்தே அழைத்தான். "மாமா, நீல நிறத்தில ஒண்டு நிக்குது, விலையும் பெரிசில்லை, வாங்கட்டோ?" என்றான். படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. ஆந்திராவின் குத்தி ஊரில் கண்டெடுத்து 1899 இல் விவரிக்கப்பட்ட பொயெசிலோதீரியா மெட்டாலிகா. மின்னும் நீலம், யாருக்கும் ஆசை வரும். அது மாங்குளத்துச் சிலந்தியின் நெருங்கிய உறவு. அதே வேகம், அதே சாதி விஷம். காட்டில் அது மிக மோசமாக அழிந்துவரும் நிலையில் இருக்கிறது. கூண்டில் பெருகுவதால் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. மலிவு என்பதால் புதியவரின் கைக்கும் போய்விடுகிறது. கடைக்காரர் அவனிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்படியான கடையில் எதையுமே வாங்க வேண்டாம் என்று சொன்னேன்.

அவனுக்கு நான் முதலில் சொன்னது மெக்சிகோவின் செம்முழங்கால் டரண்டுலா. கறுப்பு உடல், முழங்காலில் செம்மஞ்சள். பசிபிக் கரையோரத்து மலைக்காட்டுப் பிராணி. நிலத்தில் குழி தோண்டி இருக்கும், ஆறுதலாக நடக்கும், கடிக்க அவசரப்படாது. பல வருடங்களாகப் பிரக்கிபெல்மா ஸ்மிதி என்று விற்றவற்றில் பெரும்பகுதி உண்மையில் பிரக்கிபெல்மா ஹமோரி என்ற வேறு இனம் என்று 2017 இல் வந்த ஆய்வு காட்டியது. வளர்ப்பவருக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே காட்டில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுச் சைட்டிஸ் பாதுகாப்புக்குள் வந்தவை. அதனால் கூண்டில் பிறந்ததா என்று கேட்டு, அதற்கான கடதாசியோடுதான் வாங்க வேண்டும்.

பராகுவே, ஆர்ஜென்ரீனாப் பக்கத்து கிரமொஸ்டோலா புல்கிரிபெஸ் இன்னும் சாந்தம். கறுப்பில் பொன் கோடு, பெரிதாக வளரும். நீலம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு வெனிசுவேலாவின் பராகுவானா தீபகற்பத்துக் குரோமாடோபெல்மா ஒரு வழி. நீலக் கால், பச்சை முதுகு, செம்மஞ்சள் வயிறு என்று மூன்று நிறமும் ஒன்றிலேயே இருக்கும். உலர்ந்த இடத்துப் பிராணி என்பதால் பராமரிப்பும் சுலபம், கூடு முழுக்க வலை பின்னும். பதற்றக்காரி, முடியை உதறுவாள், கையில் எடுக்கவே கூடாது. மார்டினிக் தீவின் கரிபெனா வெர்சிகலர் குஞ்சாக இருக்கும்போது நீலமாகவும் வளர வளரப் பச்சையும் ஊதாவுமாகவும் மாறும். ஆனால் காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் அதன் குஞ்சுகள் சட்டென்று செத்துப்போகும். அதை இரண்டாவதாக வாங்குங்கள்.

வாங்க முன் ஆயுளை யோசியுங்கள். செம்முழங்கால் பெண் 20 வருடத்துக்கு மேல் வாழும். ஆண் முதிர்ந்தபின் நீண்ட நாள் இருப்பதில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளை வாங்கிவிட்டு, அம்மா பயந்துகொண்டு இருபது வருடம் பார்க்கிற நிலை வரக்கூடாது.

நிலத்தில் வாழும் இனத்துக்கு உயரமான கண்ணாடிப் பெட்டி வேண்டாம். ஏறி விழுந்தால் வயிறு வெடித்துச் சாகும். தும்புத்தூளை ஆழமாகப் போட்டு, மூடிக்கும் மண்ணுக்கும் இடையில் சிலந்தியின் கால் விரிப்பைவிடக் கொஞ்சம்தான் கூட இடைவெளி விடுங்கள். ஒளிய ஒரு மரப்பட்டை, சிறிய தண்ணீர்த் தட்டு, வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி, அவ்வளவுதான். சட்டை உரிக்கும் காலத்தில் முதுகு கீழே போக மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் தொடாதீர்கள். உள்ளே உயிருள்ள பூச்சி இருந்தால் எடுத்துவிடுங்கள், புதுத் தோல் இறுகும் வரை அது சிலந்தியைக் கடித்துவிடும்.

மிருக வைத்தியராக நான் அழுத்திச் சொல்ல வேண்டியது பூச்சிமருந்து. நாய்க்கு உண்ணிக்காக முதுகில் விடும் மருந்து பட்ட கையோடு சிலந்திப் பெட்டியைத் திறந்தால் சிலந்தி நடுங்கி, கால் மடங்கி இறந்துபோகும். கொசு விரட்டும் ஸ்பிரே அடிக்கும் அறையிலும் அதை வைக்கக் கூடாது. வயலிலும் தோட்டத்திலும் பிடித்த பூச்சியை உணவாகப் போடவும் கூடாது, தெளித்த மருந்து அதற்குள் இருக்கும். சிலந்தியும் பூச்சியும் ஒரே வகை மருந்துக்குத்தான் சாகின்றன.

மெக்சிகோ, தென்னமெரிக்கச் சிலந்தி வைத்திருப்பவர்கள் பெட்டியைச் சுத்தம் செய்தபின் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். அந்த அரிப்பு முடி கருவிழிக்குள் குத்தி இறங்கினால் வீட்டில் எடுக்க முடியாது. கண் சிவந்து உறுத்தினால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போய், சிலந்தி வளர்ப்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் கண்நோய் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

இங்கே புலிமுகச் சிலந்தி கடித்தால் கீறி இரத்தம் எடுக்காதீர்கள், விஷக்கல் வைக்காதீர்கள், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, முடிந்தால் சிலந்தியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். இதற்குத் தனியான விஷமுறிவு ஊசி கிடையாது. வலிக்கும் தசைப்பிடிப்புக்கும்தான் மருந்து தருவார்கள். வீட்டுக்கு விட்டபின் திரும்பவும் தசை பிடித்தால் மறுபடி போய், எந்த நாள் எது கடித்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.