ஓரத்தை எத்தனை முறை அடித்தாலும் உள்ளே பஞ்சு நிற்காது

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் தையல் கடையும், அதன் பின்கட்டில் ஒரு சிறு பயிற்சி வகுப்பும் நடத்தி வருகிறேன். வீட்டில் தைத்த குயில்ட்டை, அதாவது இரண்டு துணிகளுக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த போர்வையை, சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு யாராவது படியேறினாலே, உள்ளே என்ன நடந்திருக்கும் என்று பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சென்ற வாரமும் ஒன்று வந்தது. விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் மகனுக்காகக் கருங்கல் ஊர்ப் பக்கத்து அம்மா ஒருவர் தைத்தது. மேல்துணியின் சதுரங்கள் மூலைக்கு மூலை பிசகாமல் பொருந்தியிருந்தன. அப்படி ஒரு நல்ல கை. ஒரே ஒரு சலவைதான் கண்டிருக்கிறது. நடுவில் கையை வைத்துத் தேய்த்தால் இரண்டு துணிகளுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. பஞ்சு அத்தனையும் கீழ் மூலையில் உரித்த தேங்காய் அளவுக்குத் திரண்டு கிடந்தது. “ஓரத்தை மூன்று தையல் அடித்திருக்கிறேனே அக்கா, பிறகும் எப்படி நகர்ந்தது?” என்று கேட்டார்.

இதே கேள்வியை வருடக்கணக்காகக் கேட்டுவருகிறேன். பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். இப்போது எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஓரம் பஞ்சைப் பிடித்து வைக்காது. மேல்துணி, நடுவில் பஞ்சு, பின்துணி என்ற மூன்று அடுக்குகளின் வெட்டுவாயை மூடி, நூல் பிரியாமல் காப்பது மட்டுமே ஓரத்தின் வேலை. பஞ்சைப் பிடித்து வைப்பது நடுவில் ஓடும் தையல். கணக்காகவே பாருங்கள். ஒற்றைக் கட்டிலுக்கான குயில்ட் 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம். அதன் நடுப்புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் ஓரமே 30 அங்குலத்துக்கு அப்பால் இருக்கிறது. அங்கே மூன்று தையல் அடித்தால் என்ன, முப்பது அடித்தால் என்ன? நடுவில் இருக்கும் பஞ்சுக்கு அது எட்டவே எட்டாது. காய்ந்திருக்கும்வரை பஞ்சும் துணியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்த இடத்தில் கிடக்கும். நனைந்ததும் பஞ்சு நீரைக் குடித்துக் கனத்துவிடுகிறது. மிஷினில் சுழலும்போது சுருண்டு உருள்கிறது; கொடியில் தொங்கும்போது கீழே இறங்குகிறது. இறங்கிய பஞ்சை ஓரத் தையல் தடுத்து நிறுத்துகிறது, உண்மைதான். அதனால்தான் அது மூலையில் போய்த் திரள்கிறது. உங்கள் கெட்டியான ஓரம் செய்தது அவ்வளவுதான்.

நேரம் மிச்சப்படுத்த வேண்டும் என்று எல்லோரும் கை வைப்பது இந்த நடுத்தையலில்தான். அங்கே மட்டும் கை வைக்காதீர்கள். உண்மையில் அதற்கு ஆகும் நேரமும் நீங்கள் அஞ்சும் அளவுக்கு இல்லை. நான்கு அங்குல இடைவெளியில் நீளவாக்கில் கோடு ஓட்டினால் 60 அங்குல அகலத்துக்கு 14 கோடுகள். எல்லாம் சேர்த்து 32 மீட்டர் தையல். மோட்டார் பூட்டிய மிஷினில் ஒரு மதியப் பொழுதில் முடிகிற வேலை. பூவும் கொடியுமாகத் தைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நேர்கோடு போதும். 16-ஆம் எண் ஊசி போடுங்கள், தையல் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்கு வையுங்கள், நடுக்கோட்டில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போங்கள். மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்தே நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதம் உங்கள் மிஷினுக்குக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். மேல்துணி முன்னால் தள்ளிக்கொண்டு போகாமல் அது காப்பாற்றும்.

அதற்கும் நேரமில்லை என்றால் முடிச்சுப் போடுங்கள். நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக, எம்ப்ராய்டரி நூலால் மூன்று அடுக்கையும் குத்தி எடுத்து, இரட்டை முடிச்சாக இறுக்கினால் போதும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம். ஆனால் ஷீட்டாக ஒட்டியிருக்கும் பாலியெஸ்டர் பஞ்சுக்குத்தான் இது சரிவரும். உதிரிப் பஞ்சை முடிச்சு நிறுத்தாது.

இனி அந்தப் பஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் பஞ்சு என்றதும் இலவம்பஞ்சு நினைவுக்கு வருகிறது. வீட்டுத் தோட்டத்தில் காய்க்கிறது, காசு செலவில்லை, தலையணையில் அருமையாக இருக்கிறது. சரி. குயில்ட்டுக்கு வேண்டாம். இலவம்பஞ்சின் நார் குட்டையானது, வழுவழுப்பானது. ஒன்றோடொன்று பின்னிப் பிடிக்காது. தையலிட்ட துளை வழியாகக்கூட வெளியே வரும். தலையணையை நாம் தண்ணீரில் முக்குவதில்லை, உறையைத்தான் துவைக்கிறோம். குயில்ட்டை முழுசாகத் துவைத்தாக வேண்டும். தலையணைக்கு அடைக்கிற பாலியெஸ்டர் நாரும் அப்படியேதான். அதை விரல்களால் பிரித்துச் சமமாகப் பரப்பி ஒருவர் ஒரு போர்வையே தைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பரப்பும் வேலைக்கு எவ்வளவு பொழுது போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

கடையில் ஷீட்டாக வாங்குங்கள். ரோலிலிருந்து வெட்டித் தருவதால், எத்தனை அங்குல இடைவெளியில் தைக்க வேண்டும் என்ற குறிப்பு உங்கள் கைக்கு வராது. ஆகவே கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஷீட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரே தகடாக நின்றால் நான்கு அங்குல இடைவெளி போதும். கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆறு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட எந்தப் பஞ்சுக்கும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு. நம் மாவட்டத்துக்குக் கனத்த பஞ்சு எதற்கு? பேச்சிப்பாறைப் பக்கம் மார்கழியில் கொஞ்சம் குளிரும். கடற்கரை ஊர்களில் அதுவும் இல்லை. தென்மேற்குப் பருவமான இடவப்பாதி மழை ஒரு பக்கம், வடகிழக்குப் பருவமான துலா மழை மறுபக்கம் என்று வருடத்தில் பாதி ஈரத்திலேயே போகிறது. தடித்த பருத்திப் பஞ்சு வைத்த குயில்ட் மேலே காய்ந்தது போலத் தெரியும். உள்ளே ஈரம் நிற்கும். மடித்து அலமாரியில் வைத்த சில நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும். நடுவில் பஞ்சுக்குப் பதிலாக ஒரு பழைய பருத்திப் போர்வையையோ ஃபிளானல் துணியையோ வையுங்கள். அது நெய்த துணி. திரள்வதற்கு அதில் ஒன்றுமில்லை. எட்டு அங்குல இடைவெளியில் தைத்தாலும் இடம் மாறாது, சீக்கிரம் காயும், மிஷினிலும் தடையில்லாமல் ஓடும். வங்காளத்துக் காந்தா வேலையில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் மட்டும்தான் போடுகிறார்கள். பஞ்சே கிடையாது. தலைமுறை தலைமுறையாக அவை நிற்கின்றன.

பின்துணிக்கும் வீட்டிலேயே வழி உண்டு. பழைய எட்டுமுழ வேட்டி ஒன்றை எடுங்கள். நான்கு கெஜம், அதாவது 144 அங்குலம். குறுக்கே சரிபாதியாக வெட்டினால் 72 அங்குலத்தில் இரண்டு துண்டுகள். இணைக்கும் பக்கத்துக் கரையை மட்டும் வெட்டிவிட்டுப் பக்கவாட்டில் ஒரு தையல் போட்டால் ஒற்றைக் கட்டில் குயில்ட்டுக்குத் தாராளமான பின்துணி தயார். பலமுறை துவைத்த துணி என்பதால் இனிச் சுருங்கவும் செய்யாது. புதுத் துணியில்தான் சங்கடம். பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குவரை சுருங்கும். 90 அங்குலத்தில் ஐந்து பங்கு என்றால் நாலரை அங்குலம். மேல்துணி பருத்திப் பாப்ளின், பின்துணி பாலியெஸ்டர் கலந்த ஷீட் என்று வைத்தால், ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. குயில்ட் முழுக்கக் கொசகொசவென்று சுருக்கம் விழும். எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்துங்கள். சிவப்பையும் கருநீலத்தையும் தனியாக நனைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். நாகர்கோவில் வடசேரியில் வாங்கிய கைத்தறி வேட்டியைப் பின்துணியாக வைத்து, சாயம் போகிற சிவப்பில் ஓரம் கட்டிக் கெடுத்த ஒன்றைப் பார்த்த நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது ஓரம். அதன் வேலை சிறியது என்றேன். அதற்காக எப்படியும் முடித்துவிடலாம் என்று அர்த்தமில்லை. கை பிடித்து இழுப்பதும் தரையில் உரசுவதும் ஓரம்தான், முதலில் தேய்வதும் அதுதான். ஓவர்லாக் மட்டும் அடித்துவிட்டு விடாதீர்கள். கொஞ்ச நாளில் நூலிடுக்கில் பஞ்சு எட்டிப் பார்க்கும். சாட்டின் ரிப்பன் பளபளப்பாக இருக்கும், ஊசித் துளையிலேயே பிரிந்து வரும். கடையில் கிடைக்கும் ஆயத்த கிராஸ் டேப், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய நாடா, நைட்டிக் கழுத்துக்கும் ஜாக்கெட் கைக்கும் உரியது. குயில்ட்டின் தடிப்புக்கு அதன் அகலம் காணாது, துணியும் மெல்லியது. துணிப் பசை தடவி ஓரத்தை ஒட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. 1820களில் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து ஊசி வேலைக்குப் பெயர் வாங்கிய மாவட்டம் இது. இங்கே இருந்துகொண்டு பசையா? வேண்டாம் மக்களே.

மிகக் குறைந்த நேரத்தில் முடிவது பின்துணியையே முன்னால் மடித்து அடிப்பது. பின்துணி நாலாபுறமும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். பஞ்சையும் மேல்துணியையும் மட்டும் வெட்டிச் சீராக்குங்கள். வெட்டும்போது இடையில் ஓர் அட்டையைச் செருகிக்கொண்டால் கத்தரி பின்துணியைக் கடிக்காது. விளிம்பை ஒரு மடிப்பு, மேல்துணிமேல் இன்னொரு மடிப்பு, அதன்மேல் ஒரு தையல். தனிப் பட்டி வேண்டாம். மடிந்த விளிம்பில் ஒற்றைத் துணிதான் நிற்கும் என்பதால் தினசரி உபயோகத்துக்கு இதன் ஆயுள் குறைவு. விருந்தினர் அறைக்குப் போதும்.

தலையணை உறைபோல உள்புறமாகத் தைத்துத் திருப்புவது சிறிய குயில்ட்டுக்கு நல்லது. பெரியதில் மூலை இழுத்துக்கொள்ளும். திருப்பி, திறந்த வாயை மூடி, சுற்றி ஒரு தையல் அடித்ததும் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடுகிறார்கள். முடியவில்லை! நடுத்தையல் இன்னும் பாக்கி. நான் மேலே புலம்பிய அத்தனையும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நேர்கிறது.

அடிக்கடி துவைக்கும் குயில்ட்டுக்கு இரட்டை மடிப்புப் பட்டிதான். இரண்டரை அங்குலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டுத் தைத்தால் விளிம்பில் இரண்டு அடுக்குத் துணி நிற்கும். சுற்றளவு 300 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் 12 அங்குலம் கூட்டுங்கள். 36 அங்குல அகலத் துணியில் பத்துப் பட்டிகள், அதாவது முக்கால் மீட்டர் போதும். பைப்பிங் என்றாலே கிராஸாக வெட்ட வேண்டும் என்று ஜாக்கெட் தைத்த பழக்கத்தில் ஒன்றரை மீட்டரைப் பாழாக்குகிறார்கள். வளைந்த மூலை இருந்தால்தான் கிராஸ். நேரான ஓரத்துக்கு நேரிழையில் வெட்டிய பட்டியே சிறந்தது. கிராஸ் பட்டியைத் தெரியாமல் இழுத்துத் தைத்தால் ஓரம் அலையலையாக நிற்கும்.

மிஷினிலேயே முடிக்க நினைப்பவர்களுக்கு எங்கள் பட்டறை வழக்கம் ஒன்று சொல்கிறேன். பட்டியை முதலில் குயில்ட்டின் பின்பக்கம் வைத்துத் தையுங்கள். பிறகு முன்பக்கமாகத் திருப்பி, கண்ணெதிரே வைத்து மடிப்பின் விளிம்பில் தையலை ஓட்டுங்கள். கைத்தையலில் முடிப்பதானால் இதற்கு நேர் எதிராக முதலில் முன்பக்கம். இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, பின்னால் தையல் பட்டியிலிருந்து நழுவி ஓடுகிறது என்று பலர் மிஷினைக் குறை சொல்கிறார்கள்.

பேரக்குழந்தைக்காகத் தைக்கும் பாட்டிமார்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் குயில்ட்டோ தலையணையோ இருக்கக் கூடாது என்பது குழந்தைநல மருத்துவர்கள் சொல்வது. முகத்தை மூடினால் மூச்சடைக்கும், தள்ளிவிட அந்தக் கைகளுக்குத் தெரியாது. விழித்திருக்கும் நேரத்தில் தரையில் விரித்துக் குப்புறப் படுத்து விளையாட விடுங்கள், பக்கத்தில் யாராவது இருந்துகொண்டு. அதில் பொத்தான், மணி, தொங்கும் ரிப்பன், முடிச்சு நூல் எதுவும் வேண்டாம். வாயில் போகும்.

ஓரம் மட்டும் கட்டித் தரச் சொல்லிக் கொண்டுவருகிறவர்கள், அடுக்குகளை ஒரே அளவாக வெட்டிச் சீராக்கிக் கொண்டுவராதீர்கள். பஞ்சும் பின்துணியும் மேல்துணியைவிட இரண்டு அங்குலமாவது வெளியே நிற்கட்டும். நடுத்தையல் ஓட்டும்போது மேல்துணி எந்தப் பக்கம் நகரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். பட்டித் துணியை நனைத்து உலர்த்தி எடுத்துவாருங்கள். நடுத்தையல் போடாமல் வந்தால் ஓரத்தைத் தொட மாட்டேன். கடையில் காலியாக நிற்கும் மிஷினில் உட்காருங்கள், பக்கத்தில் இருந்து முதல் கோட்டை ஓட்டிக் காட்டுகிறேன்.