கிணற்றுத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீர்தான்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியோடுதான் வரும். "நான் ஆற்றிலிருந்து ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை. என் நிலம், என் கிணறு. வறட்சி என்று சொல்லி அதில் இறைப்பதை அரசு எதற்கு நிறுத்தச் சொல்கிறது?" இந்த வருடமும் கேட்டுவிட்டார்கள். கேட்டவர் மாடு வளர்ப்பவர், நல்ல மனிதர், மீன் செத்தால் சாகட்டும் என்று நினைப்பவர் இல்லை. அவருடைய தீவனப்புல் வயலுக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் ஓடை அறுந்து, தனித்தனி மடுக்களாகக் கிடந்தது. ஒரு மடுவில் விரல் நீளக் கோஹோ சால்மன் குஞ்சுகள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து திணறிக்கொண்டிருந்தன. வேலிக்கு இந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் ஒருவராகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் கனடாவின் வான்கூவர் தீவில் நீரியல் துறையில் வேலை செய்கிறேன். ஆறு எவ்வளவு ஓடுகிறது, கிணறுகள் எவ்வளவு இழுக்கின்றன என்று அளப்பதுதான் தொழில். இந்தப் பகுதியில் ஓரிரண்டு ஏக்கரும் ஒரு கிணறுமாக வீடு வாங்கும் நம்மவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

இந்தத் தீவில் டங்கன் நகருக்குத் தெற்கே ஓடி, கவிச்சன் வளைகுடாவில் சேரும் கோக்ஸிலா ஆற்றை எடுத்துக்கொள்வோம். அதன் தலைப்பில் பெரிய ஏரி கிடையாது. கோடை முழுக்க உருகித் தண்ணீர் தரும் பனிமலையும் கிடையாது. குளிர்காலத்து மழைதான் எல்லாம். அப்படியானால் மழையே இல்லாத ஆகஸ்டில் அதில் ஓடுவது என்ன? குளிர்காலத்தில் மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர், மெல்ல மெல்லக் கரையிலும் படுகையிலும் கசிந்து வெளியே வருகிறது. கோடையில் ஆறு என்பதே அந்தக் கசிவுதான். உங்கள் கிணற்றில் ஊறுவதும் அதே தண்ணீர்தான்.

இதைச் சொன்னதும் அடுத்த பதில் தயாராக இருக்கும்: "என் கிணற்று மோட்டார் ஆற்றை உறிஞ்சினால் கண்ணுக்குத் தெரியாதா?" தெரியாது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கிணறு ஆற்றுத் தண்ணீரைப் பிடிப்பது இரண்டு வழிகளில். ஆற்றை ஒட்டி நீர்மட்டம் கீழே இறங்கிவிட்டால், ஆற்றில் ஓடும் தண்ணீரே படுகை வழியாகக் கிணற்றை நோக்கித் திரும்பும். இதைத்தான் எல்லோரும் கற்பனை செய்கிறார்கள், நமக்கு அப்படி இல்லை என்று நிம்மதி அடைகிறார்கள். ஆனால் அதற்கு முன்பே இன்னொன்று நடந்துவிடுகிறது. ஆற்றுக்குப் போய்ச் சேர வேண்டிய கசிவைக் கிணறு வழியிலேயே மறித்துக்கொள்கிறது. ஆற்றிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை, உண்மை. வந்திருக்க வேண்டியது வரவில்லை, அவ்வளவுதான். மடுவில் கிடக்கும் குஞ்சுக்கு இரண்டும் ஒன்றே.

தள்ளி இருக்கும் கிணறு பாதிக்காது என்பதும் தவறு. தாமதமாகப் பாதிக்கும். கரையோரக் கிணற்றின் விளைவு சில நாட்களில் ஆற்றில் தெரிந்துவிடும். ஒரு கிலோமீட்டர் தள்ளிய கிணற்றின் விளைவு மண்ணின் தன்மையைப் பொறுத்து வாரங்களோ மாதங்களோ கழித்து வந்து சேரும். மோட்டாரை நிறுத்திய பிறகும் ஆறு இழந்துகொண்டே இருக்கும். ஜூலையில் இறைத்ததற்குச் செப்டம்பரில் ஆறு கணக்குக் கொடுக்கும். இது புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. சார்ல்ஸ் தெய்ஸ் என்ற நிலத்தடி நீர் அறிஞர் 1941இலேயே இதற்குச் சமன்பாடு எழுதிவிட்டார். எங்கள் தொழிலில் அன்றாடம் போடும் கணக்கு இது. ஆழமான பாறைக் கிணறு, நடுவில் தடித்த களிமண் அடுக்கு என்றால் தொடர்பு பலவீனமாக இருக்கலாம். அதைச் சோதனை செய்துதான் சொல்ல வேண்டும். "என்னுடையது இருநூறு அடி ஆழம்" என்பது சோதனை ஆகாது.

சரி, அளவு எவ்வளவு? ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் நீர் பாய்ச்சினால் சுமார் 1 லட்சம் லிட்டர். 20 ஏக்கர் புல்லுக்கு வாரம் ஓர் அங்குலம் என்றால் 20 லட்சம் லிட்டர். ஆற்றுக் கணக்கில் அது நொடிக்கு 3.4 லிட்டர். கேட்கச் சின்னதாக இருக்கும். அப்படிப் பத்து வயல்கள் சேர்ந்தால் நொடிக்கு 34 லிட்டர் ஆகிறது. ஆகஸ்ட் கடைசியில் மொத்த ஓட்டமே அவ்வளவு இல்லாத ஓடைகளை நான் அளந்திருக்கிறேன்.

அப்புறம், "சால்மன் கடல்மீன், இலையுதிர் காலத்தில்தானே ஆற்றுக்கு வரும்" என்பவர்களுக்கு. கோஹோ குஞ்சு வசந்தத்தில் சரளைக்கற்களுக்குள்ளிருந்து வெளியே வந்து, ஒரு கோடை முழுவதையும் நன்னீரிலேயே கழிக்க வேண்டும். அடுத்த வசந்தத்தில்தான் கடலுக்குப் போகும். பெரும்பாலும் மூன்று வயதில் திரும்பி வந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். ஆகவே இந்தக் கோடையில் ஓர் ஓடையின் குஞ்சுகள் செத்தால், இரண்டு வருடம் கழித்து அங்கே திரும்பி வர மீன் இருக்காது. அதிலிருந்து மூன்று மூன்று வருடமாக அந்த வரிசையே மெலிந்துகொண்டு போகும். தண்ணீரின் அளவு மட்டுமல்ல, குளிர்ச்சியும் முக்கியம். நிலத்தடி நீர் கசியும் இடங்கள்தான் கோடையில் குஞ்சுகளின் புகலிடம். ஆற்றின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டும்போது அவை அங்கே போய்த்தான் ஒண்டுகின்றன. அந்தக் கசிவைத்தான் கிணறு முதலில் தின்கிறது.

எங்கள் மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2016 வரை நிலத்தடி நீர் எடுக்க உரிமமே தேவைப்படவில்லை. அந்த ஆண்டு புதிய நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வந்து, வீட்டுத் தேவை தவிர மற்ற எல்லாக் கிணற்றுப் பயன்பாட்டுக்கும் உரிமம் கட்டாயமானது. பழைய பயனாளர்கள் 2022 மார்ச் 1க்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். பாதிப்பேர்கூட விண்ணப்பிக்கவில்லை. அதே சட்டத்தின் 88ஆம் பிரிவு, ஒரு மீன் கூட்டத்தின் பிழைப்பே கேள்விக்குறியாகும்போது, யார் உரிமம் பழையது என்று பார்க்காமல் தண்ணீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. கோக்ஸிலாவில் 2019, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் அந்தப் பிரிவின்கீழ் ஆணை பிறப்பிக்கப்பட்டது. தீவனப் பயிர்ப் பாசனம் நிறுத்தப்பட்டது.

எனக்கு அந்த ஆணைகளிலும் மனக்குறை உண்டு. மேலே சொன்ன தாமதத்தை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் நடுவில் ஆணை போட்டால் கரையோரக் கிணறுகளுக்குத்தான் பலன் கிடைக்கும். தள்ளியிருக்கும் கிணறுகளின் ஜூலைக் கணக்கு ஏற்கெனவே மண்ணுக்குள் நகர்ந்துகொண்டிருக்கும். மே மாதமே குளிர்காலத்தில் பெய்த மழையையும் நீர்மட்டத்தையும் பார்த்து, யார் எப்போது எவ்வளவு குறைப்பது என்று விவசாயிகளோடு உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டும். விவசாயிக்கும் அதுதான் நியாயம். விதைத்து, உரம் போட்டு, புல்லின் இரண்டாம் வெட்டு நெருங்கும்போது நிறுத்து என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கவிச்சன் பழங்குடியினரும் மாகாண அரசும் 2023இல் கோக்ஸிலா வடிநிலத்துக்கு நீண்டகால நீர்த் திட்டம் ஒன்றை உருவாக்க ஒப்பந்தம் செய்தார்கள். என் நம்பிக்கை அதன் மேல்தான்.

கட்டுப்பாடு என்று எழுதி வைத்து, அதற்குப் பல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியாவில் பார்த்தோம். கிளமாத் ஆற்றின் கிளையான சாஸ்டா ஆற்றில் நொடிக்கு 50 கன அடியாவது ஓட வேண்டும் என்று வறட்சி விதி இருந்தது. 2022 ஆகஸ்டில் ஒரு பாசனச் சங்கம் விதியை மீறி எட்டு நாள் தண்ணீர் இறைத்தது. ஆறு பாதிக்கும் கீழே போனது. அபராதம் நாளுக்கு 500 டாலர், மொத்தம் 4,000 டாலர். உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொண்டால் தலைக்கு மிகச் சிறிய தொகை. 2024இல்தான் சட்டம் திருத்தப்பட்டு, இப்படிப்பட்ட மீறலுக்கு நாளுக்கு 10,000 டாலர் வரை விதிக்கலாம் என்றானது. இதே கிளமாத்தில் 2002 செப்டம்பரில், குறைந்த ஓட்டமும் வெப்பமும் நோயும் சேர்ந்து குறைந்தது 34,000 மீன்களைக் கொன்றிருந்தன. இருபது வருடம் கழித்தும் பாடம் ஏறவில்லை. அந்த மாநிலத்தில் 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளும் கடல் சால்மன் வணிக மீன்பிடிப்பு அடியோடு மூடப்பட்டது. படகு வைத்துப் பிழைத்தவர்களும் தண்ணீரை நம்பியவர்கள்தான். அவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை. கிணற்றில் நீர்மானி பொருத்துங்கள். எவ்வளவு இறைக்கிறோம் என்றே தெரியாமல் "நான் கொஞ்சம்தான் எடுக்கிறேன்" என்று என்னிடம் சொல்லாதீர்கள். வயலுக்குப் பாய்ச்சுபவர்கள் மண்ணைத் தோண்டி ஈரம் பார்த்துவிட்டுப் பாய்ச்சுங்கள், நாட்காட்டியைப் பார்த்து வேண்டாம். பகல் வெயிலில் தெளிப்பானை ஓட்டவே ஓட்டாதீர்கள். குளிர்காலத்தில் ஓடைகள் பொங்கி ஓடும்போது, அனுமதி வாங்கிக் குட்டையில் சேமியுங்கள். கோடையில் கிணற்றைத் தொட வேண்டியிருக்காது. கடைசி வெட்டை விட்டுக்கொடுக்க முடியுமா என்று இந்தக் குளிர்காலத்திலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். உரிமம் இல்லாதவர்கள் இன்னும் ஒளிந்துகொண்டிருக்காமல் விண்ணப்பியுங்கள்.

வீடு மட்டும் வைத்திருப்பவர்கள் புல்தரையைக் காய்ந்து பழுப்பாக விடுங்கள். அது சாகாது, உறங்குகிறது. அக்டோபர் மழைக்குத் தானே பச்சையாகும். ஆற்றில் குளிக்கக் கற்களை அடுக்கித் தடுப்புக் கட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். குழந்தைகள் கட்டினால் கிளம்பும்போது கலைத்துவிட்டு வாருங்கள். விரலளவு மீனுக்கு அந்த அரையடிக் கல்வரிசை தாண்ட முடியாத சுவர்.

மடுவில் சிக்கிய குஞ்சுகளைப் பார்த்தால் வாளியில் அள்ளி வேறு இடத்தில் விடப் பார்க்காதீர்கள். அனுமதியில்லாமல் அப்படிச் செய்வது குற்றம், சூடான நீரில் ஏற்கெனவே தவிப்பவை கைபட்டால் செத்தும் போகும். மீன்வளத் துறைக்கு உடனே தகவல் கொடுங்கள். எந்த ஓடை, எந்தப் பாலத்துக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். அடுத்த நாள் வரை தள்ளிப் போடாதீர்கள்.