டாக்டர் ஆகணும் என்று சொல்லும் பிள்ளையிடம் என்ன பேசுவது?

மருத்துவத் துறைக்கு வர ஆசைப்படும் பிள்ளைக்கு வழி சொல்வதை பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு தொடங்கினால், பாதிக் கதவுகள் அதற்குள் சாத்தப்பட்டிருக்கும். பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும் நாளிலேயே பேச வேண்டும். உயிரியல் இல்லாத குரூப்பில் சேர்ந்துவிட்டு, பிறகு பி.எஸ்ஸி. நர்சிங் வேண்டும் என்று வந்து நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் டாக்டர் என்பதால் தெரிந்தவர்கள் பிள்ளைகளை என்னிடம் அனுப்புவார்கள். எத்தனை மார்க் என்று நான் கேட்பதில்லை. "ஆஸ்பத்திரியில யார் யாரைப் பார்த்திருக்கே?" என்றுதான் கேட்பேன். டாக்டர், நர்ஸ் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அதைப் பெரிதாக்கிக் காட்டுவதே வழிகாட்டுபவரின் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

அதற்கு நான் பக்கவாதம் வந்த ஒருவரின் கதையைச் சொல்வேன். கை விழுந்தது எத்தனை மணிக்கு என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, சர்க்கரையும் பி.பி.யும் பார்த்துக் கூட்டிவருபவர் 108 ஆம்புலன்ஸில் இருக்கும் ஈ.எம்.டி. என்ற அவசர மருத்துவ டெக்னீஷியன். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், அவர் கேட்டு வைத்த அந்த நேரம் எங்களுக்கு அத்தனை முக்கியம். சி.டி. ஸ்கேன் எடுப்பவர் ரேடியாலஜி டெக்னீஷியன். ராத்திரி முழுக்கக் கூட இருந்து, நினைவு மங்குவதை முதலில் கண்டுபிடிப்பவர் ஸ்டாஃப் நர்ஸ். தண்ணீரைப் புரையேறாமல் விழுங்க முடிகிறதா என்று பார்ப்பதும், போன பேச்சைத் திரும்பக் கொண்டுவரப் போராடுவதும் பேச்சுப் பயிற்சியாளர். நிற்கவும் நடக்கவும் பழக்குபவர் பிசியோதெரபிஸ்ட். சட்டைப் பொத்தான் போடவும், சோற்றைப் பிசைந்து தானே சாப்பிடவும் மறுபடி கற்றுத்தருபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். டாக்டரான நான் அந்த நோயாளியோடு இருக்கும் நேரம் இவர்களில் பலர் இருப்பதைவிடக் குறைவு.

இதைக் கேட்டபிறகு பிள்ளைகள் கேட்கும் கேள்வியே மாறிவிடும். "எங்க தாத்தாவுக்கு நடை பழக்கினாங்களே மேடம், அதுக்கு என்ன படிக்கணும்?" என்று ஒரு பெண் கேட்டாள். அப்படிக் கேட்ட பிள்ளைக்கு நாம் சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான். நர்சிங், பிசியோதெரபி, ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆப்பரேஷன் தியேட்டர் டெக்னாலஜி போன்ற படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கலந்தாய்வு நடந்துவந்திருக்கிறது. விதிகள் மாறக்கூடும் என்பதால் அந்தந்த வருடத்து அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

எம்.பி.பி.எஸ்.தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கும் பிள்ளையின் ஆசையை இதற்காகக் கலைத்துவிடக் கூடாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அதில் இடம் கிடைத்தால், தனியார் கல்லூரியாக இருந்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு இது பொருந்தாது. நல்ல பள்ளி என்று நினைத்து எட்டாவதில் பிள்ளையை மாற்றிவிட்டு, பிறகு தவிக்கும் பெற்றோர் உண்டு.

நீட் தேர்வில் 720-க்கு 360 மதிப்பெண் உயிரியலில் இருந்தே வருகிறது. அதை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு இயற்பியலில் தடுமாறுகிறார்கள். ஒரு வருடம் திரும்ப எழுதுவதில் தப்பில்லை. இரண்டாவது, மூன்றாவது வருடமும் வீட்டிலேயே உட்கார வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. அந்த வயதில் தோழர்கள் எல்லோரும் கல்லூரிக்குப் போய்விட்ட தனிமை பிள்ளையை உள்ளுக்குள் அரித்துவிடும். சாப்பாடும் தூக்கமும் குறைந்தால் காத்திருக்காதீர்கள். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்குப் போன் செய்தால் ஆலோசகர்கள் பேசுவார்கள்.

ஏஜென்ட் சொல்லும் வெளிநாட்டுக் கல்லூரி என்றால் மூன்றைக் கேளுங்கள். படிப்பு குறைந்தது 54 மாதமா, ஆங்கில வழியா, அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்ய முடியுமா? இவை இல்லாவிட்டால் இங்கே பதிவு கிடைக்காது. திரும்பி வந்தபின் எழுதும் எஃப்.எம்.ஜி.ஈ. தேர்விலும் 300-க்கு 150 வாங்கியாக வேண்டும். உள்ளூரிலும் மாடி அறை ஒன்றில் நர்சிங் டிப்ளமோ தருபவர்கள் இருக்கிறார்கள். அட்மிஷன் போடும் முன்பே நர்சிங் கவுன்சில் பட்டியலிலும், பட்டப்படிப்பு என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டியலிலும் கல்லூரியின் பெயரைத் தேடுங்கள். பணம் கட்டியபிறகு அழுது பயனில்லை.

சக டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளையை அரை நாளாவது உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரியின் அனுமதி, நோயாளியின் சம்மதம் இரண்டும் வேண்டும். செல்போன் வெளியே இருக்கட்டும். ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தாலும் பயப்பட வேண்டாம், அது பழகிவிடும். நோயாளியின் வலியைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளையின் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என எல்லாச் சான்றிதழ்களையும், ஆறாவதிலிருந்து படித்த பள்ளிகளின் சான்றையும் ஏப்ரலுக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். ரிசல்ட் வந்தபின் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.